மேட்டுக்காட்டுத் தோட்டம்

மொரப்பூர்
11.8.2024

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அப்பா எழுதறது.

இங்க நானும் உன் தம்பி பூவரசனும் சௌக்கியம். அங்க நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் நல்லா இருக்கணும்னு முனியப்பனை வேண்டிக்கிறேன். போன்ல பேசினா ஹால்ல எல்லாரும் இருக்காங்க, தம்பியைப் பத்திப் பேச முடியலைன்னு சொன்ன. அதான் உன் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதறேன். பேனா புடிச்சு ரொம்ப காலமாச்சு. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க கண்ணு.

ஒரு சங்கதி. அதியமான்கோட்டையில உன் காவேரி அத்தை வூட்டைக் காலி பண்ணிட்டு மகனோட திருப்பூருக்குப் போயிட்டா. இனிமே நீங்க ஊருக்கு வர்ற சமயத்துல பூவரசனை அங்க கொண்டுபோய் விட முடியாது. சொந்தத்துல வேற யாரையும் கேக்க எனக்கு மனசு வரல. அவனுக்கு இருபது வயசாச்சு. என்னைவிட ஒரு சாண் ஒசரம். பேச்சு வராத புள்ளைன்னு சின்னதுல எல்லாரும் மடியில வெச்சுக்கிட்டாங்க. இப்பப் பார்த்தா தள்ளி நிக்கறாங்க.

நம்ம மேட்டுக்காட்டுக் குவாரி ஞாபகம் இருக்கில்ல? குத்தகை முடிஞ்சு கம்பெனிக்காரன் மிஷினையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டான். பெரிய குழி, ஒதுக்கிப் போட்ட கருங்கல்லு, ஒரு மூலையில தண்ணி, அவ்வளவுதான் மிச்சம். கொஞ்ச நாளா பூவரசனை அங்கதான் கூட்டிட்டுப் போறேன். பாறையில டிரில் போட்ட கோடு மேலேருந்து கீழ வரைக்கும் வரிவரியா இருக்கும் பாரு, அதுல விரலை வெச்சு இழுத்துக்கிட்டே நடக்கறான். ஒரு சுத்து முடிஞ்சா இன்னொரு சுத்து. வூட்டுல கத்தற மாதிரி அங்க கத்தறதில்ல. ரோட்டுல இருந்து பார்த்தா உள்ள ஆள் இருக்கறதே தெரியாது.

நீ பெங்களூர்ல பெரிய பெரிய ஆபீசுக்கெல்லாம் தோட்டம் வரையற. உன் தம்பிக்கு அந்தக் குழிக்குள்ள ஒண்ணு வரைஞ்சு குடு. அவன் தொட்டுப் பார்க்க, மோந்து பார்க்க, பொழுது போற மாதிரி. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்.

போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல சின்னப் பேச்சு வந்துது. ஒரு அம்மாவோட பட்டுச்சேலை முந்தானையை இவன் புடிச்சுட்டான். அதை விடு, எழுத வேண்டாம்.

சம்பந்தியம்மா போன்ல, "பூவரசனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதாங்க?"ன்னு கேட்டாங்க. ஒத்துக்குதுங்கன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேட்டா நீயும் அப்படியே சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
தீர்த்தகிரி


பெங்களூர்
25.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் தீர்ந்திருந்தா சொல்லுங்க, அனுப்பறேன்.

உங்க கடிதம் வந்த அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு வேற வேலையே ஓடலை. நீங்க கேக்கற மாதிரித் தோட்டத்தை எங்க படிப்பிலேயே தனியா சொல்லிக் குடுப்பாங்க. பார்க்கறதுக்கு மட்டும் இல்லாம தொட, மோந்து பார்க்க, காது குடுத்துக் கேக்க, வெறுங்காலால மிதிக்கன்னு வரையறது. ஒண்ணுகூட நான் செஞ்சதில்லை. எல்லாரும் புல்தரையும் ஃபவுண்டனும்தான் கேக்கறாங்க.

பூவு துணி ஓரத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பான். கறிவேப்பிலையைக் கசக்கி மூக்குக்கிட்ட வெச்சுக்குவான். வெயில் நாள்ல பித்தளைக் குடத்துல கன்னத்தை ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். இன்னும் அப்படித்தானாப்பா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பழசு. நீங்க கவனிச்சு எழுதுங்க. எந்தப் பக்கம் காலையில நிழல், எங்க மழைத்தண்ணி வழியுது, மண் எவ்வளவு இருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க.

ரெண்டு விஷயம் எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணு, மூலையில இருக்கற தண்ணி. அதைச் சுத்தி முதல்ல வேலி போடணும். இன்னொண்ணு சத்தம். நாலு பக்கமும் பாறை நிக்கற குழியில ஒரு தடவை கத்தினா பல தடவை திரும்பி வரும். பூவுக்கு மிக்சி சத்தமே ஆகாது. பாறை ஓரமா மூங்கிலும் நொச்சியும் அடர்த்தியா வளர்ந்தாத்தான் அது அடங்கும். அதுக்கு நாள் ஆகும்.

வெளிய தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. அது கஷ்டமில்லை. ஒதுக்கிப் போட்ட பெரிய கல்லுங்களையே வாசலுக்கு முன்னால அடுக்கிடலாம். கல்லைச் சுத்தித் திரும்பினாத்தான் வழி இருக்கறதே தெரியும்.

ஹாஸ்டல் விஷயம் சரிப்பா. அப்படியே சொல்லிடறேன்.

அன்புடன்,
ஐஸ்வர்யா


மொரப்பூர்
22.9.2024

அன்பு மகளுக்கு,

உன் கடுதாசி கிடைச்சுது. தைலம் இருக்குது, அனுப்ப வேண்டாம். இங்க நல்ல மழை. மரவள்ளி தப்பிச்சுது.

நீ கேட்டபடி கவனிச்சேன். கெழக்குப் பக்கம் காலையில நிழல். சாயந்தரம் மேக்காலப் பாறை வெதுவெதுன்னு இருக்கும், பூவரசன் அதுல முதுகைச் சாய்ச்சுக்கறான். இப்பவும் கறிவேப்பிலைதான். பக்கத்து வூட்டுச் செடியை மொட்டை அடிச்சுட்டான். குடத்துக்குப் பதிலா இப்ப கல்லு. மிஷின்ல அறுத்துவிட்ட வழவழப்பான கல்லு ஒண்ணு கிடக்குது, அதுல கன்னத்தை வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கறான்.

நீ சொன்ன எதிரொலி நிஜம். ஒரு நா காக்கா ஒண்ணு கத்தி அது திரும்பத் திரும்பக் கேக்க, காதைப் பொத்திக்கிட்டு மேட்டுக்கே ஓடிட்டான்.

உனக்கு உபயோகப்படுமான்னு தெரியல, எழுதறேன். நான் அங்க செருப்புப் போடறதில்ல. கல்யாண மண்டபத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து என் செருப்புச் சத்தம் கேட்டா அவன் எழுந்து போய் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறான். வூட்டுலயும் வெறுங்காலாத்தான் நடக்கறேன். அதனால பாதைக்கு முள்ளு இல்லாத மாதிரி ஏதாச்சும் போடு.

ஜேசிபிக்கு வீரமணிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நம்ம ஊர்ப் பையன்தான், வாயாடி. "மீன் குட்டையாண்ணா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.

அப்பா


பெங்களூர்
20.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க மூணு பேரும் சுகம். உங்க ரெண்டு பேரோட சுகத்துக்கும் எழுதுங்க.

வரைபடம் இதோட வெச்சிருக்கேன். பெரிய தாள், மடிச்ச இடத்துல கிழியாம பிரிங்க. பச்சைக் கோடு போட்ட இடமெல்லாம் ஏரி வண்டல் கொட்டணும். பாதையை நாலு விதமா வெச்சிருக்கேன்: மணல், கூழாங்கல், அருகம்புல், தேங்காநார். கால் மாறும்போது அவன் நின்னு பார்ப்பான். டிரில் கோடு இருக்கற பாறையை மறைக்காதீங்க, அது அவனோடது. அங்கங்கே அவன் இடுப்பு உயரத்துக்குக் கல்தொட்டி. குனிய வேண்டாம். அதுல மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, கறிவேப்பிலை. தண்ணி கசியற பாறைக்குக் கீழ வெட்டிவேர். வழவழப்பான கல்லை நகர்த்தாதீங்க. அதுக்குப் பக்கத்துல புங்கன் வெச்சா ரெண்டு மூணு வருஷத்துல நிழல் வந்துடும்.

எங்க சீஃப் இந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். "இங்கே வந்ததுலேருந்து நீ வரைஞ்சதுல இதுதான் உசத்தி"ன்னார். வாசல் கண்ணுக்குப் படாம கல்லுக்குப் பின்னால திரும்பற இடத்தை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். யாருக்காகன்னு கேட்டார்.

"ஊர்ப்பக்கம் ஒரு பெரியவர், சொந்த நிலத்துல போடறார்"னு சொன்னேன்.

அவர் போனதுக்கப்புறம் படத்தைச் சுருட்டி மேஜைக்கு அடியில வெச்சுட்டேன்.

செருப்பு விஷயம் படிச்சேன். கேக்கலாமான்னு யோசிச்சு விட்டுட்டேன்.

ஐஸ்வர்யா


மொரப்பூர்
8.12.2024

அன்பு மகளுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். ஐப்பசி கார்த்திகை மழையில வேலை நின்னு நின்னு நடந்துது, அதான் எழுத நாளாச்சு.

உன் படத்தை வீரமணிக்கு விரிச்சுக் காட்டினப்ப அவன் மீன் குட்டைப் பேச்சை விட்டுட்டான். தண்ணி மூலைக்கு வேலி போட்டாச்சு. வண்டல் அடிச்சாச்சு. செடியெல்லாம் தர்மபுரி நர்சரியில வாங்கினோம். மூங்கில் இடுப்பளவு வந்திருக்குது.

கண்ணு, ஒண்ணு சொல்லணும். போன வாரம் பூவரசன் சிரிச்சான். மரிக்கொழுந்தைக் கசக்கி அவன் மோந்து பார்த்தான், அப்புறம் என் மூக்குக்கிட்ட கொண்டாந்து வெச்சான். மண்டபத்து நாளுக்கப்புறம் அவனா எங்கிட்ட வந்தது அதுதான் முதல் தடவை. நான் தும்மினேன். அதுக்குச் சிரிச்சான். உங்கம்மா இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பா. எனக்கு அதைச் சொல்ல ஆள் யாருமில்ல. உனக்கு எழுதறேன்.

கொல்லன் இரும்புக் கேட்டு செஞ்சுட்டான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வெக்கட்டும்னு கேக்கறான். உன் படத்துல கேட்டு இருக்குது, தாழ்ப்பாள் போடல. நீ சொல்லு.

அப்பா


பெங்களூர்
18.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வர முடியலை, மன்னிச்சுக்குங்க. காரணம் நல்ல காரணம். நீங்க தாத்தா ஆகப் போறீங்க. ஆடி மாசம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. போன்ல சொன்னதுதான், மறுபடி எழுதறேன்.

பிரசவம் இங்கேதான். ஆனா அத்தை, அதான் உங்க சம்பந்தியம்மா, ஒரே பிடிவாதமா இருக்காங்க: "அம்மா இல்லைன்னா என்ன, வளைகாப்பு பொறந்த வீட்டுலதான் செய்யணும்." அவங்க ஓசூர்ச் சொந்தம் எல்லாரும் வருவாங்க. சித்திரை மாசக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்திருக்காங்க.

அதுக்குள்ள தோட்டம் முடிஞ்சிடுமாப்பா?

பூவு சிரிச்சதைப் படிச்சு ஆபீஸ் பாத்ரூம்ல போய் நின்னேன். எனக்கும் அந்த மரிக்கொழுந்தை நீட்டுவானா?

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்குங்க. எனக்குக் காலையில வாந்தி இருக்கு, மத்தபடி நல்லா இருக்கேன்.

ஐஸ்வர்யா


மொரப்பூர்
30.3.2025

அன்பு மகளுக்கு,

சுகமா? வாந்தி நின்னுடுச்சா? புளிச்சதைச் சாப்பிடாத. நாங்க நல்லா இருக்கோம். வெயில் இப்பவே கொளுத்துது. பாறை பகல்ல சுடறதால காலையிலும் சாயந்தரமும்தான் போறோம். தொட்டிக்கெல்லாம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன்.

தோட்டம் முடிஞ்சுது. பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் சொல்லிட்டேன்.

வீரமணி கேட்டைப் பார்த்துட்டு, "தாழ்ப்பாள் எதுக்குண்ணா வெளிப்பக்கம்? உள்ள இருக்கறவன் எப்படித் தொறப்பான்?"ன்னான். ஆடு மாடு பூந்துடும்டான்னேன். ஆடு வந்து தாழ்ப்பாளைத் தொறக்குமாண்ணான்னு கேட்டுச் சிரிச்சான். நானும் சிரிச்சு வெச்சேன்.

ரெண்டு மூணு தடவை பூவரசனை உள்ள விட்டுச் சும்மா சாத்திப் பார்த்தேன். முதல் தடவை கேட்டுக்கிட்டயே நின்னான். தாழ்ப்பாளுக்கு நேரா அடிச்ச தகரத்துக்கு மேல கம்பியைப் புடிச்சுக்கிட்டு, கத்தல. நான் கல்லுக்குப் பின்னால மறைஞ்சு நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரங்கழிச்சு மரிக்கொழுந்துகிட்டப் போயிட்டான். பழகிடும். அன்னிக்கு ஒரு பகல்தானே.

நீ கவலைப்படாம வா.

அப்பா


பெங்களூர்
21.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பூவு எப்படி இருக்கான்? போன்ல "இருக்கான்"னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. அப்புறம் எடுக்கவே மாட்டேங்கறீங்க. என் கையில அந்த வளையல் இன்னும் இருக்கு. கழட்டக் கூடாதாம். எழுதும்போது சத்தம் போடுது.

அன்னிக்கு நடந்ததை நாம ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. யாராவது ஒருத்தர் எழுதித்தான் ஆகணும்.

பந்தி நடந்துக்கிட்டு இருந்துது. கன்னத்துல சந்தனத்தோட நான் நாற்காலியில உக்காந்திருந்தேன். வானம் இருட்டினதை எல்லாரும் பார்த்தாங்க. முதல் இடி மேட்டுக்காட்டுப் பக்கம்தான் விழுந்துது. நீங்க சாம்பார் வாளியோட எங்க அத்தை இலைக்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க. அப்படியே நின்னுட்டீங்க. என்னைப் பார்த்தீங்க. உங்க கால் வாசப்பக்கம் திரும்பினதை நான் பார்த்தேன்பா.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்னு.

அத்தனை பேர் நடுவுல யாருக்கும் தெரியாத மாதிரி கொஞ்சமாத்தான் ஆட்டினேன். உங்களுக்குப் புரிஞ்சுது. நீங்க குனிஞ்சு சாம்பாரை ஊத்தினீங்க.

அப்புறம் இடி நிக்கவே இல்லை. அந்தக் குழிக்குள்ள ஒரு இடி எத்தனை இடியாத் திரும்பி வரும்னு நம்ம ஊர்லயே சரியாத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான்தான் உங்களுக்கு எழுதினேன். மழை கொட்டுச்சு, எல்லாரும் வூட்டுக்குள்ள வந்தாங்க. வளைகாப்பு அன்னிக்கு மழை பெய்யறது நல்லதுன்னு ஓசூர் சின்னத்தை சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சாயந்தரம் கிளம்பறப்ப தம்பியைப் பார்த்துட்டுப் போறேன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கார் மேட்டுக்காட்டு வழியாத்தான் போச்சு. கல் அடுக்கு தெரிஞ்சுது. மழை விட்டிருந்துது, எல்லாரும் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தாங்க. சாரல் அடிக்குது, கண்ணாடியை ஏத்துங்கன்னு டிரைவர்கிட்ட சொன்னேன். சாரல் எதுவும் இல்லைப்பா.

எழுதுங்க. என்ன ஆச்சுன்னு அப்படியே எழுதுங்க.

ஐஸ்வர்யா


மொரப்பூர்
29.6.2025

மகள் ஐஸ்வர்யாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்குது? மாசமா இருக்கறவளுக்கு இதையெல்லாம் எழுதறதான்னு இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். நீ கேட்டுட்ட.

உங்க வண்டி போனதும் ஓடினேன். அவன் கேட்டுகிட்ட இல்ல. கூப்பிட்டேன். நீ நடச் சொன்ன மூங்கிலுக்குப் பின்னால ரெண்டு பாறைக்கு நடுவுல சந்து ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள தன்னைத் திணிச்சுக்கிட்டு இருந்தான். முழுக்க நனைஞ்சிருந்தான். ரெண்டு கை நகமும் பேந்து ரத்தம். கேட்டு முழுக்க ரத்தக்கறை. தாழ்ப்பாள் இருக்கற இடத்தை உள்ள இருந்து தகரத்துக்கு மேலேயே தேடியிருக்கான்.

வெளிய வாடா சாமின்னேன். வரல. கையைப் புடிச்சேன், கடிச்சான். வீரமணிக்குப் போன் பண்ணினேன். அவன் வந்து பார்த்துட்டு எதுவும் கேக்கல. அவன்கூட எதுவும் கேக்கல கண்ணு. சட்டையைக் கழட்டி பூவரசன் தலையில போத்தி, பக்கத்துல உக்காந்து செல்லுல சத்தமில்லாத படம் எதையோ காட்டிக்கிட்டே இருந்தான். இருட்டறதுக்குள்ள வெளிய கூட்டிட்டு வந்துட்டான்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. வழுக்கி விழுந்துட்டானுங்கன்னேன். அவங்க விரலை ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. கட்டுப் போட்டாங்க. காய்ச்சல் ஒரு வாரம் அடிச்சுது. இப்ப இல்ல. நகம் முளைக்குது.

நீ தலையை ஆட்டினேன்னு எழுதியிருக்க. நீ ஆட்டலைன்னாலும் நான் போயிருக்க மாட்டேன். கால்தான் திரும்புச்சு. நான் போறதுக்கு ஒரு காரணம் சொல்லணுமே, சம்பந்தியம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் நின்னேன். நீ வேண்டாம்னதும் எனக்கு நிம்மதியா இருந்துது. அதை நினைச்சாத்தான் சோறு எறங்கல.

பூவரசன் இப்ப என்னைப் பார்த்தா எழுந்து போறான். தட்டை வெச்சுட்டு நான் நகர்ந்தாத்தான் சாப்பிடறான். மேட்டுக்காட்டுப் பக்கம் காலை வெக்க மாட்டேங்கறான். மழைக்குத் தோட்டம் நல்லா வந்திருக்குது. வெட்டிவேர் வாசம் ரோடு வரைக்கும் அடிக்குது. நீ வரைஞ்சது அப்படியே இருக்குது. உள்ள போக ஆளில்ல. நான் மட்டும் போய்த் தண்ணி ஊத்திட்டு வர்றேன்.

பிரசவத்துக்கு என்னை எதிர்பார்க்காத. அவனை விட்டுட்டு வர முடியாது, கூட்டிட்டும் வர முடியாது.

அப்பா


பெங்களூர்
24.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பேத்தி நல்லா இருக்கா. நானும் நல்லா இருக்கேன், தையல் ஆறிடுச்சு. உங்க மூக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.

நர்ஸ் அவளைக் கையில குடுத்ததும் நான் முதல்ல என்ன பண்ணினேன் தெரியுமா? முத்தம் குடுக்கலை. முகத்துக்கு நேரா விரலை ஆட்டினேன். என்னைப் பார்க்கறாளா, சத்தத்துக்குத் திரும்பறாளான்னு. பொறந்து ஒரு மணி நேரம்கூட ஆகலை. மாதவ் பக்கத்துல நின்னுட்டு இருந்தார். "என்ன பண்ற?"ன்னு கேட்டார். சும்மான்னேன். வூட்டுக்கு வந்தும் தினமும் அதையே பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள் அவர் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். "எதைத் தேடற?"

சொல்லிட்டேன்பா. பூவு எந்த ஹாஸ்டல்லயும் இல்லைன்னு ஆரம்பிச்சு, வளைகாப்பு வரைக்கும். கண்ணாடியை ஏத்தச் சொன்னது வரைக்கும்.

அவர் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். திரும்பி வந்து, "மூணு வருஷத்துல அவன் என்ன படிக்கறான்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கலையே"ன்னார். எனக்கு ஆறுதல் சொல்றார்னு நினைச்சேன். இல்லை. "அம்மாகிட்ட நீயேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையையும் இன்னொருத்தர் தலையில கட்டாதே"ன்னு சொல்லிட்டு ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டார்.

அத்தை குழந்தையைக் குளிப்பாட்டிட்டு இருந்தாங்க. நின்னபடியே சொன்னேன். அவங்க குளிப்பாட்டறதை நிறுத்தலை. துடைச்சு, துணி சுத்தி, என் கையில குடுத்தாங்க. அப்புறம்தான் பேசினாங்க.

"இடி இடிச்சப்ப உங்கப்பா சாம்பார் வாளியோட அப்படியே நின்னுட்டாரு. வயசாயிடுச்சு, பாவம்னு நினைச்சேன்."

குழந்தையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டேன்.

"அப்ப அந்தப் புள்ள அங்க அடைஞ்சு கிடந்திருக்கான். நான் ரெண்டாந்தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சேன். மழை நல்லதுன்னு சொன்னப்ப நானும்தானே சிரிச்சேன்? நான் என்னடி பாவம் பண்ணினேன், என்னையும் ஏன் அதுல சேர்த்தே?"

அவங்க திட்டியிருந்தா, இப்படிப்பட்ட குடும்பமான்னு கேட்டிருந்தா, என்கிட்ட பதில் இருந்துது. வருஷக்கணக்கா அந்தப் பதிலைத்தான் தயார் பண்ணி வெச்சிருந்தேன். இதுக்கு இல்லை.

இப்ப என்கூடப் பேசறதில்லை. குழந்தையை மட்டும் வாங்கிக்கறாங்க.

நீங்க மண்டபத்துல அவனை என்ன பண்ணினீங்கன்னு நான் கேக்கலை, செருப்பைப் பத்தி எழுதினப்பவே புரிஞ்சுது. புரிஞ்சும் தேங்காநார்ப் பாதை வரைஞ்சு அனுப்பினேன்.

அவன் சாப்பிடறானா?

ஐஸ்வர்யா


மொரப்பூர்
28.9.2025

அன்பு மகளுக்கு,

பேத்தி போட்டோவை மாப்பிள்ளை அனுப்பினார். நீ சொல்லி அனுப்பினாரா, அவரா அனுப்பினாரான்னு தெரியல. கீழ ஒரு வரி எழுதியிருந்தார்: "பூவரசனுக்கும் காட்டுங்க மாமா." அந்தப் பேரை அவர் எழுதிப் பார்த்ததும் தலையைத் தூக்க முடியல. காட்டினேன். அவன் செல்லை வாங்கிக் கன்னத்துல வெச்சுக்கிட்டான். சில்லுன்னு இருக்கும்ல, அதுக்குத்தான்.

வீரமணியை வெச்சுக் கேட்டைக் கழட்டிட்டேன். மறுநாளே ஆடு பூந்து மரிக்கொழுந்து பூராத் தின்னுட்டுது. கல்லையும் தள்ளிவிட்டாச்சு. ரோட்டுல போறவங்க எட்டிப் பார்க்கறாங்க. பொம்பளைங்க ரெண்டு பேர் வெட்டிவேர் கேட்டுப் புடுங்கிட்டுப் போனாங்க. பூவரசன் இன்னும் வரல. வருவான்னு நான் சொல்ல மாட்டேன்.

அவனுக்கு இப்ப வேற இடம் அமைஞ்சிருக்குது. நம்ம வூட்டுக்கு முன்னால ரோட்டுல சின்னப் பாலம் இருக்குது பாரு, அந்தக் கட்டையில போய் உக்காந்துக்கறான். பஸ் போறப்ப கட்டை அதிருது, அதுல உள்ளங்கையை விரிச்சு வெச்சுக்கறான். நாலு பக்கமும் வெட்டவெளி. எல்லாரும் பார்க்கற இடம். இருவது வருஷமா எந்த இடத்துல அவன் நிக்கக் கூடாதுன்னு நான் பார்த்துக்கிட்டேனோ அங்கதான் உக்காந்திருக்கான்.

முதல் நாள் வூட்டுக்குள்ள இருந்து ஜன்னல் வழியாப் பார்த்தேன். கூட்டிட்டு வந்துடலாம்னு எழுந்தேன். எதுக்குன்னு தோணுச்சு, திரும்ப உக்காந்துட்டேன். அடுத்த நாள் நானும் போய் உக்காந்தேன், கட்டையோட அந்தக் கோடியில. எழுந்து போயிடுவான்னு நினைச்சேன். போகல. நடுவுல ஒரு ஆள் உக்கார இடம் விட்டு உக்காந்திருக்கோம். இன்னிக்கும் அவ்வளவு இடம் இருக்குது.

அரூர் பஸ்ஸுக்கு நின்ன பொம்பளை ஒருத்தி, வெளியூர்க்காரி, அவனை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "ஏங்க, இது யாருங்க?"ன்னா.

"என் பையன்"னேன்.

அந்த ரோட்டுல நின்னு அதை நான் சொன்னதே இல்ல.

உன் மாமியார் பேசாம இருக்கறதுக்கு அவங்களைக் குத்தம் சொல்லாத. குழந்தைக்குப் பால் குடுத்துட்டு நீயும் சாப்பிடு.

அப்பா


பெங்களூர்
12.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரயில்ல வர்றோம். நான், குழந்தை, மாதவ். அத்தையும் வர்றாங்க. நான் கூப்பிடலை. டிக்கெட் போடறப்ப, "எனக்கும் சேர்த்துப் போடு"ன்னு மாதவ்கிட்ட சொன்னாங்க. என்னத்துக்குன்னு சொல்லலை.

விருந்து எதுவும் வேண்டாம்பா. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பூவுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு எங்களுக்காக உக்கார வெக்க வேண்டாம். அவனை எங்கேயும் அனுப்பவும் வேண்டாம். எப்பவும் எங்க இருப்பானோ அங்கேயே இருக்கட்டும். நாங்க ஆட்டோவைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திட்டு நடந்து வர்றோம்.

அவன் என்னைப் பார்த்துட்டு எழுந்து போயிடுவான்னு நினைக்கறேன். போகட்டும். யாரும் பின்னாலேயே போய்க் கூட்டிட்டு வராதீங்க. அக்கா வந்திருக்கா பாருன்னு சொல்லாதீங்க. அவன் விட்டுட்டுப் போன இடத்துல நான் உக்காந்துக்கறேன், குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு.

பஸ்ஸுக்கு நிக்கறவங்க யாருன்னு கேப்பாங்க. பூவரசனோட அக்கான்னு சொல்றேன்.

ஐஸ்வர்யா